வாகையும் தும்பையும்

வெற்றியை விரும்பாதார் உலகில் ஒருவரும் இலர். ஆயினும், வெற்றி என்பது யாது, அஃது எப்பொழுது பெறப்படுகின்றது என்று வினவி ஆராய்வோர் மிகச் சிலரே. பல நாள் தளராது உழைத்துப் பெறும் முதன்மை வெற்றியா? ஒரு மாலைப் பொழுதில் பலர் காண ஓங்கி நிற்றல் வெற்றியா? இரண்டும் ஒருவர்க்கே வாய்ப்பின் வழக்கில்லை. ஒன்று ஒருவர்க்கும் மற்றொன்று வேறொருவர்க்கும் வாய்க்குமாயின், மாலை யார் கழுத்திற்கு உரியது? விளையாட்டைப் பற்றிய சிறு வினாப்போலத் தோன்றும் இது மாணவராகிய நம் வாழ்வையும் தொடுவதாதலின், எம் கருத்தை இவ்விதழ் வாயிலாக வெளியிடத் துணிந்தோம்.

முதற்கண் நிகழ்ந்ததனைக் கூறுவோம். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தார் 2016 ஆம் ஆண்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் போட்டியைத் தொடங்கினர். பெருந்தொற்று நிலவிய 2020 நீங்கலாக, 2025 வரை அஃது ஆண்டுதோறும் நடைபெற்றது. எட்டு அணிகள் கலந்துகொள்ள, ஒவ்வோர் அணியும் ஏனை ஏழு அணிகளோடும் ஒருமுறை பொருதல் அதன் முதற்பகுதி. இதனை லீக் சுற்று என்பர். 2025 ஆம் ஆண்டில் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸ் அணியினர் அவ்வேழு ஆட்டங்களையும் வென்றனர். ஒன்றிலேனும் தோற்றாரல்லர். அதன்பின் ‘பிளே ஆஃப்’ என வழங்கும் முடிவுச்சுற்று திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்தில் நிகழ்ந்தது. அங்கே முதலில் திருப்பூர் தமிழன்ஸ் அணியிடமும், பின்னர்த் திண்டுக்கல் டிராகன்ஸ் அணியிடமும் சேப்பாக்கத்தார் தோற்றனர். ஜூலை 6 ஆம் நாள் இறுதியாட்டத்தில் திருப்பூர் அணி திண்டுக்கல் அணியை 118 ஓட்டங்களால் வென்று கோப்பை கொண்டது. ஏழுக்கு ஏழு வென்றவர்கள் இறுதியாட்டத்திற்கும் செல்லாது வீடு திரும்பினர்.

திருப்பூர் அணியின் வெற்றியில் யாம் ஒரு மாசும் காணவில்லை. விதித்த நெறிப்படி ஆடினர். வேண்டிய நாளில் வென்றனர். பாராட்டிற்கு முற்றும் உரியர். எம் வினா அவர்களைப் பற்றியதன்று, அந்நெறியைப் பற்றியது. எம் ஊராகிய சாத்தூரில் தேநீர்க்கடை வாயில்களிற் கைப்பேசியைச் சூழ்ந்து நின்று இவ்வாட்டங்களைக் கண்ட இளைஞரிடை இரு கட்சிகள் இருந்தன. “கடைசியில் ஜெயித்தவன்தானே ஜெயித்தவன்?” என்றது ஒரு கட்சி. “அப்போ அந்த ஏழு மேட்ச் எதுக்கு?” என்றது மறு கட்சி. நூல்கள் பல கொண்டு ஆராயினும், வழக்கு இவ்விரண்டு வினாக்களுக்குள்ளேயே அடங்கும்.

இம்முடிவுச்சுற்றின் அமைப்பை அறியாதார்க்குச் சிறிது விளக்குவோம். லீக் சுற்றில் முதல் நான்கு இடம் பெற்றோரே இதற்கு உரியர். முதலிடத்தாரும் இரண்டாமிடத்தாரும் தம்முள் பொருவர். வென்றவர் நேரே இறுதியாட்டம் புகுவர். மூன்றாமிடத்தாரும் நான்காமிடத்தாரும் தம்முள் பொருவர். தோற்றவர் அன்றே வெளியேறுவர். முன்னைய ஆட்டத்தில் தோற்றவரும் பின்னைய ஆட்டத்தில் வென்றவரும் மீண்டும் பொருது, வென்றவர் இறுதியாட்டத்தில் மற்றோர் அணியாவர். ஆஸ்திரேலியாவில் விக்டோரிய காற்பந்து லீக்கினர் 1931 இல் கைக்கொண்ட இம்முறை, பேஜ் என்பார் பெயரால் வழங்குகின்றது. இந்தியன் பிரீமியர் லீக் போட்டியில் 2011 முதல் இதுவே நெறியாயிற்று.

இம்முறையில் ஒரு நன்மை உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. முதலிரண்டு இடத்தார்க்கு ஒருமுறை தோற்றும் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. பின்னிரண்டு இடத்தார்க்கு அஃது இல்லை. அதன் பயனும் கண்கூடு. இந்தியன் பிரீமியர் லீக்கில் 2011 முதல் 2025 வரை நிகழ்ந்த பதினைந்து போட்டிகளையும் யாம் எண்ணிப் பார்த்தோம். நான்காமிடத்தினர் ஒருமுறையும் கோப்பை கொண்டிலர். மூன்றாமிடத்தினர் ஒரே ஒருமுறை, 2016 இல், கொண்டனர். அவர் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியினர். எஞ்சிய பதினான்கும் முதலிரண்டு இடத்தார்க்கே சென்றன.

ஆனால் அப்பதினான்கையும் பிரித்து நோக்குமின். முதலிடத்தார் வென்றவை ஐந்தே: 2017, 2019, 2020, 2022, 2024. இரண்டாமிடத்தார் வென்றவை ஒன்பது. முதலிடம் பெற்றவரினும் இரண்டாமிடம் பெற்றவர் ஏறத்தாழ இருமடங்கு முறை முடி புனைந்திருக்கின்றனர்! இதற்குக் காரணம் தேடி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. இம்முறை முதலிடத்தார்க்கும் இரண்டாமிடத்தார்க்கும் இடையே யாதொரு வேற்றுமையும் வைத்திலது. இருவர்க்கும் ஒரே வாயில், ஒரே சலுகை. பட்டியலின் தலையில் நிற்றற்கென்று தனியே ஒரு பயன் இல்லை. அம்மட்டோ? 2016 இல் குஜராத் லயன்ஸ் அணி தான் தோன்றிய முதலாண்டிலேயே பட்டியலில் முதலிடம் பெற்றது. முடிவுச்சுற்றில் இரு ஆட்டமும் தோற்று வெளியேறியது. 2012 இல் டில்லி அணிக்கும் அதுவே நேர்ந்தது. சேப்பாக்கத்தார்க்கு நேர்ந்தது புதியதொன்றன்று.

சிலர், “முதலிடத்தாரை நேரே இறுதியாட்டத்திற்கு அனுப்பிவிட்டால் குறை தீருமே” என்பர். பெண்கள் பிரீமியர் லீக்கில் 2023 முதல் அவ்வாறே செய்தனர். விளைந்தது யாது? 2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் டில்லி கேப்பிட்டல்ஸ் மகளிரே பட்டியலில் முதலிடம் பெற்றனர். மூன்றாண்டுகளிலும் இறுதியாட்டத்தில் தோற்றனர். மும்மை முதன்மைக்கும் அவர்க்குக் கிடைத்த கோப்பை ஒன்றும் இல்லை. இதனால் நாம் அறியத்தக்கது, குறை வாயிலில் இல்லை, மகுடத்தில் உள்ளது என்பதே. மகுடம் ஒன்றாக இருக்குமளவும், அதற்கு முன் நிகழ்ந்த உழைப்பு முழுவதும் வாயிற்படியாகவே கருதப்படும்.

எதிர்க்கட்சியினர் கூற்றுகளையும் கேட்போம். அவர் கூறுவன மூன்று.

ஒன்று: இக்கட்டான நாளில் நெஞ்சு கலங்காது ஆடுதலே உண்மையான ஆற்றல், ஆதலின் அந்நாளே அளவுகோல் என்பது. நெஞ்சுரம் பெரும்பண்பு என்பதை யாமும் ஒப்புகின்றோம். ஆனால் இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு நாளின் முடிவை நெஞ்சுரம் மட்டுமா ஆக்குகின்றது? நாணயம் விழுந்த பக்கம், மாலைப் பனியில் நனைந்த பந்து, கைநழுவிய ஒரு பிடி ஆகிய இவையும் உடன் நின்று ஆக்குகின்றன. 2022 இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் இறுதியாட்டத்தை மழையே முடித்தது. சேப்பாக்கத்தாரும் கோவை அணியினரும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டனர். ஏழு ஆட்டங்களும் சிறுதொகையே. அவற்றிலும் நல்லூழ் கலந்திருத்தல் கூடும். ஆயினும் ஏழில் அஃது ஓரளவு இருபக்கமும் பரவும். ஒன்றில் ஒருபக்கமே சாயும்.

இரண்டு: முடிவுச்சுற்று இல்லையாயின் நடுவிடத்து அணிகள் பாதி வழியிலேயே நம்பிக்கை இழக்கும், காண்போரும் கலைவர் என்பது. இது மெய். அதனால்தான் முடிவுச்சுற்றை ஒழிக்குமாறு யாம் கூறவில்லை. மேலும், இரு அணிகள் சமமாக நிற்கும்போது அவரை எதிரெதிர் நிறுத்திக் காண்டல் நன்றே. 2025 இல் பஞ்சாப், பெங்களூரு அணிகள் ஒவ்வொன்றும் 19 புள்ளி பெற்றுச் சமமாய் நின்றன. இறுதியாட்டத்தில் பெங்களூரு வென்றதில் எவர்க்கும் மனக்குறை எழ இடமில்லை.

மூன்று: எம்மோடு ஒரே வேதத்தைப் படிக்கும் நண்பர் சிலர் கூறுவது. மத்தேயு சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில், திராட்சத் தோட்டத்திற்கு விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயும் வேளையில் வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுத்தானன்றோ? பின்னே வந்தவன் முந்துதல் அருளின் இயல்பாயிருக்க, நீவிர் முணுமுணுத்தல் எற்றிற்கு என்பர். இது கூர்மையான வினா. அவ்வுவமையை ஊன்றி நோக்குமின். எஜமான் விடியலில் வந்தவனுடைய பணத்தைப் பறித்துப் பிந்தி வந்தவனுக்குக் கொடுத்தானல்லன். பேசியபடி அவனுக்குரியதை அவன் கையில் வைத்தான். பிந்தி வந்தவனுக்குத் தன் பையிலிருந்து ஈந்தான். அருள் என்பது அதுவே. முடிவுச்சுற்றிலோ இரு கைக்கு ஒரு பணமே உள்ளது. பிந்தியவன் பெறுவது முந்தியவன் கூலியையே. ஆதலின் அவ்வுவமை எதிர்க்கட்சிக்குத் துணையாகாது; எம் கட்சிக்கே துணையாகும். முந்தியவன் கூலியை அவனிடமே விட்டுவிட்டு, பிந்தியவனுக்கு வேறொரு கொடை கொடுங்கள் என்பதே எம் வேண்டுகோள்.

இஃது இயலுமோ எனின், இயன்றுள்ளது. ஜப்பான் நாட்டில் கிரிக்கெட்டின் இடத்தைப் பேஸ்பால் ஆட்டம் பெற்றுள்ளது. ஆறாறு அணிகள் கொண்ட சென்ட்ரல் லீக், பசிபிக் லீக் என இரு லீக்குகள் ஆங்கு உள்ளன. பசிபிக் லீக்கினர் 2004 இல் முடிவுச்சுற்றொன்றை அமைத்து, அதில் வென்றவரையே லீக்கின் முதல்வர் என அறிவிக்கும் நெறியை மேற்கொண்டனர். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் ஃபுக்குவோக்கா நகரத்து ஹாக்ஸ் அணி பட்டியலில் முதலிடம் பெற்றது. இரு முறையும் முடிவுச்சுற்றில் தோற்று, முதல்வர் என்னும் பெயரை இழந்தது. 2007 இல் இரு லீக்குகளுக்கும் பொதுவாகக் கிளைமாக்ஸ் சீரிஸ் என்னும் முடிவுச்சுற்றை அமைத்தபோது நெறி திருந்தியது. அதன்படி, பட்டியலில் முதலிடம் பெற்றவரே லீக்கின் முதல்வர்; முடிவுச்சுற்றில் தோற்பினும் அப்பெயர் அவரை விட்டு நீங்காது. முடிவுச்சுற்றில் வெல்வோர் பெறுவது, மற்ற லீக்கின் அணியோடு ஜப்பான் சீரிஸில் பொரும் உரிமையே.

அவ்வுரிமையையும் எளிதில் ஈந்தாரல்லர். 2024 ஆம் ஆண்டு நெறியை நோக்குவோம். இரண்டாம், மூன்றாம் இடத்தார் முதலில் தம்முள் பொருதனர். அதில் வென்றோர் முதலிடத்தாரின் ஊருக்கே சென்று, அவர் திடலிலேயே எல்லா ஆட்டங்களும் ஆட வேண்டும். முதலிடத்தார்க்கோ ஆட்டம் தொடங்குமுன்னரே ஒரு வெற்றி கணக்கில் வைக்கப்பட்டிருந்தது. இத்தனை வேலிகளையும் கடந்து, 143 ஆட்டங்களில் 71 வென்று 69 தோற்ற மூன்றாமிடத்து யோகோஹாமா பேஸ்டார்ஸ் அணி, முதலிடத்து யோமியூரி ஜெயண்ட்ஸ் அணியை வென்றது. பின்னர் ஜப்பான் சீரிஸில், 91 ஆட்டம் வென்றிருந்த ஹாக்ஸ் அணியையும் வீழ்த்தி நாட்டின் கோப்பையைக் கொண்டது. யோகோஹாமா நகரத்தார் களித்தனர். ஆயினும் 2024 ஆம் ஆண்டுச் சென்ட்ரல் லீக்கின் முதல்வர் யார் எனின், ஏட்டில் உள்ள பெயர் ஜெயண்ட்ஸ் என்பதே. இருவர் உழைப்பும் ஏட்டில் நின்றது. ஒன்று மற்றொன்றை அழித்திலது.

அத்துணைத் தொலை செல்ல மனமில்லாதார்க்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. காற்பந்தில் இந்தியன் சூப்பர் லீக் நடத்துவோர், 2019–20 ஆம் பருவம் முதல் பட்டியலில் முதலிடம் பெற்றவர்க்குக் கேடயமும், முடிவுச்சுற்றில் வென்றவர்க்குக் கோப்பையும் எனப் பிரித்தனர். முதற்கேடயம் கோவா அணிக்குச் சென்றது. அப்பருவத்தின் கோப்பையைக் கொல்கத்தாவின் ஏடிகே அணி, சென்னையின் அணியை இறுதியாட்டத்தில் வென்று கொண்டது. காற்பந்திற்கு ஒத்த நீதி கிரிக்கெட்டிற்கு ஒவ்வாமற்போகுமோ?

இந்நீதி தமிழர்க்குப் புதியதும் அன்று. தொல்காப்பியர் புறத்திணை ஏழினுள் தும்பையையும் வாகையையும் வேறு வேறு திணைகளாக வைத்தார். தன் வலிமையே பொருளாகக் கொண்டு வந்த வேந்தனை எதிர்சென்று அழிக்கும் நேர்ப்போர் தும்பை. வாகையோ, போர் வென்ற களிப்பு மட்டும் என்று இன்று பலரும் கருதுவது போன்றதன்று. குற்றமற்ற கொள்கையோடு தத்தம் தொழிற்கூற்றை மேம்படச் செய்து மிகுதல் வாகை. ஆதலின் அரசர், பொருநர் ஆகியோரோடு அறிவரும் தவமுடையோரும் அத்திணையில் இடம்பெற்றனர். அறிவனும் தாபதனும் எக்களத்தில் எவனை வென்றனர்? ஒருவரையும் வெல்லாமலே, தம் நெறியில் இடையறாது நின்று வாகைக்கு உரியராயினர். ஒரு நாள் போரில் ஓங்குதல் ஒன்று. நாள்தோறும் தன் செயலில் ஓங்குதல் மற்றொன்று. இரண்டும் புகழுக்குரியன, இரண்டும் ஒன்றல்ல. இரண்டு பூக்கள் இருக்க, ஒரு பூவை மட்டும் நாம் கையிற் பிடித்திருப்பது ஏன்?

இவ்வேற்றுமையை எம் வட்டாரத்தார் நன்குணர்வர். சாத்தூர், சிவகாசி, விருதுநகர்ப் பக்கத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் பட்டாசு ஆலைகளிற் கைகள் ஓயாது உழைக்கின்றன. மருந்திடுவார், திரி வைப்பார், காயவைப்பார், பெட்டியில் அடுக்குவார் பல்லாயிரவர். அவ்வளவு உழைப்பும் பெரும்பாலும் தீபாவளி என்னும் ஓரிரவை நோக்கியது. அவ்விரவில் மழை கொட்டிற்றாயின் புஸ்வாணம் பூக்காது, மத்தாப்பு நமுத்துவிடும், கடைக்காரர்க்கு இழப்பு நேரும். ஆயினும், “இவ்வாண்டு நீங்கள் உழைத்ததெல்லாம் உழைப்பன்று” என்று கூறி, செய்த கணக்கிற்குப் பெற்ற கூலியைத் திருப்பிக் கேட்பார் எங்கேனும் உளரோ? கூலி கைக்குரியது, கொண்டாட்டம் இரவுக்குரியது. வானம் இரண்டாவதைக் கெடுக்கலாம். முதலாவதைக் கெடுக்க விடுதல் அறமன்று.

ஒருகால், ஊர்தோறும் விடுமுறை நாட்களில் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளைச் சுட்டி, “அங்கே ஒருமுறை தோற்றாலும் வெளியேற்றமே, எவனும் வழக்காடுவதில்லையே” என்று வினவுதல் கூடும். வழக்காடாமைக்குக் காரணம் உண்டு. தோற்றால் வெளியேற்றம் என்று தொடக்கத்திலேயே அறைந்துவிடுகின்றனர். வேறு வாக்குறுதி கொடுத்தாரல்லர். லீக் போட்டியோ, “ஒவ்வோர் ஆட்டமும் கணக்கில் வரும்” என்று வாக்களித்து, எல்லாரையும் எல்லாரோடும் ஆடச் செய்து, புள்ளி எண்ணி வரிசையும் வகுத்தபின், முடிவில் அவ்வரிசையைத் துடைத்துவிடுகின்றது. கொடுத்த வாக்கைக் காத்தல் மனிதர்க்குப் போலவே நெறிகளுக்கும் வேண்டும்.

ஆதலின் எம் கருத்து இது. தமிழ்நாடு பிரீமியர் லீக் நடத்துவோர் லீக் சுற்றின் கடைசி நாளிலேயே முதலிடத்தார்க்கு ஒரு கேடயம் வழங்கி, அவரை அவ்வாண்டின் லீக் முதல்வர் என ஏட்டிற் பொறிப்பாராக. முடிவுச்சுற்றின் கோப்பை இன்றுபோல் வேறாக நிற்பதாக. இரண்டாவதாக, முதலிடத்தார் ஆடும் முடிவுச்சுற்று ஆட்டம் எத்திடலில் நிகழ வேண்டும் என்பதை அவரே தெரிந்துகொள்ளும் உரிமை கொடுக்கப்படுவதாக. 2025 இல் சேப்பாக்கத்தார் திண்டுக்கல் அணியைத் திண்டுக்கல் மாவட்டத்திலேயே எதிர்கொள்ள நேர்ந்தது. திடல் முன்னரே குறிக்கப்பட்டது. எவர் மேலும் பழியில்லை. ஆயினும் முதன்மைக்கு ஒரு சிறு பயனேனும் இருத்தல் தகும் அன்றோ?

இனி, நம் இல்லத்திற்கு வருவோம். கல்லூரித் துறைகளுக்கிடையே நிகழும் விளையாட்டுகளிலும் இறுதிநாட் கோப்பையையே நாம் போற்றுகின்றோம். பருவம் முழுதும் வெயிலில் நின்று, ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒழுங்காய் ஆடி முன்னின்ற அணியின் பெயர் எப்பலகையிலும் எழுதப்படுவதில்லை. ஆண்டு விழாவில் மற்றொரு சிறு கேடயத்திற்கு ஆகும் செலவு பெரிதன்று. ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவர் சங்கத்தாரும் இதனை எண்ணிப் பார்க்குமாறு பணிந்து வேண்டுகின்றோம்.

இவ்வேண்டுகோளின் உட்கிடை திடலோடு நிற்பதன்று. மாணவராகிய நாம் ஒவ்வொருவரும் முடிவுச்சுற்றுகளின் நடுவே வாழ்கின்றோம். மூன்று மணி நேரத் தேர்வொன்று, கால் மணி நேர நேர்காணலொன்று, நாடெங்கும் ஒரே நாளில் நிகழும் நுழைவுத் தேர்வொன்று நம்மை அளந்து ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகின்றது. அவ்வளவுகோல்கள் வேண்டாவென்று யாம் கூறோம். இடம் சிலவாகவும் வேண்டுவோர் பலராகவும் உள்ள நாட்டில் அவை தவிர்க்கலாகாதன. ஆனால் அந்நாளில் தோற்ற தோழன் ஒருவனை நோக்கி, “நீ ஒன்றும் செய்திலை” என்று வீட்டாரும் ஊராரும் கூறும்போது, அவன் கழித்த விடியற்பொழுதுகள் அத்தனையும் பொய்யாக்கப்படுகின்றன. அவ்வொரு சொல்லால் மனமுடைந்த இளைஞர் எத்தனையரோ! அவன் தும்பை சூடவில்லை; மெய். வாகை சூடத்தக்கவன் என்பதும் மெய்யே. அதனை அவனுக்கு எடுத்துக் கூறுவோர் வேண்டும். அந்நண்பராய் நாம் இருத்தல் வேண்டும்.

வென்றவர்க்கு மாலையிட நாடே திரண்டு வரும். நாள்தோறும் நன்கு செய்தவர்க்கு மாலையிட நம்மில் ஒருவரேனும் முன்வருவோமாக.